அடுப்பு போனதும் ஆடத் தொடங்கிய நாற்காலிகள்: ஓர் ஐரிஷ் குடும்பப் பட்டறையின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

அயர்லாந்தின் தென்மேற்கில் மூன்று தலைமுறையாக நடந்துவரும் ஒரு மரப் பட்டறை. தாத்தா தொடங்கியதை இப்போது அறுபது வயதைக் கடந்த மகனும் அவருடைய மகளும் நடத்துகிறார்கள். வெளியாள் யாரும் இல்லை. பாத்திர அடுக்குகள், பெஞ்சுகள் எல்லாம் செய்தாலும் அவர்களைத் தேடி வருபவர்கள் பெரும்பாலும் கேட்பது சூகான் நாற்காலியைத்தான். 'சூகான்' என்றால் ஐரிஷ் மொழியில் வைக்கோல் பிரி. ஓட்ஸ் வைக்கோலைத் திரித்துப் பின்னிய இருக்கையும் ஆஷ் மரச் சட்டமும் சேர்ந்ததுதான் அந்த நாற்காலி.

2021 கோடையில் ஒரு விருந்தினர் இல்லம் 12 சூகான் நாற்காலிகள் கேட்டது. பழைய பண்ணை வீட்டைப் புதுப்பித்து, தரைக்கடியில் வெந்நீர்க் குழாய் ஓடும் வெப்பமூட்டல் அமைத்திருந்தார்கள். நாற்காலிகள் காலைச் சிற்றுண்டி அறைக்கு. அதே ஆண்டு அக்டோபரில் பன்னிரண்டும் போய்ச் சேர்ந்தன. ஒப்படைத்த அன்று எந்த மூட்டிலும் ஆட்டம் இல்லை.

நாற்காலியின் அமைப்பு

அமைப்பு தெரியாமல் பின்னால் வருவது விளங்காது. நான்கு கால்கள், ஒவ்வொன்றும் 38 மி.மீ. சதுரம். இருக்கையைச் சுற்றி நான்கு சட்டங்கள். இவற்றின் மூட்டுகளில் மட்டும் மர ஆணி அறைவது இந்தப் பட்டறையின் வழக்கம். இருக்கைக்குக் கீழே ஏழு குறுக்குக் கம்புகள்: பக்கத்துக்கு இரண்டு, முன்னால் இரண்டு, பின்னால் ஒன்று. கம்பு நடுவில் 25 மி.மீ. தடிமன். இரு முனைகளும் 16 மி.மீ. உருளை நாக்காகச் செதுக்கப்பட்டு, காலில் 28 மி.மீ. ஆழத் துளைக்குள் ஏறும். பசையும் இல்லை, ஆணியும் இல்லை. 12 நாற்காலிகளுக்கு 84 கம்புகள், 168 கீழ் மூட்டுகள்.

பசையில்லாமல் இது நிற்பது ஈர வேறுபாட்டால். கால் சற்று ஈரமாகவும் கம்பு நன்றாகக் காய்ந்தும் இருக்கும்போது சேர்த்தால், பிறகு காலின் ஈரம் இறங்கித் துளை பக்கவாட்டில் இறுகும். நாக்கோ காற்றின் ஈரத்தை இழுத்து ஊதும். மரம் நார்த்திசையில் ஏறக்குறைய நீளவோ சுருங்கவோ செய்யாது, குறுக்கில்தான் அசையும். குறுக்கிலும் ஆண்டு வளையத்தை ஒட்டிய திசையில் அசைவு கூடுதல்; மையத்திலிருந்து வெளிநோக்கிய திசையில் குறைவு. அதனால்தான் பழக்கப்பட்ட கை, நாக்கின் முனையில் தெரியும் வளையக் கோடுகள் காலின் நீளத்துக்கு இணையாக இருக்கும்படி கம்பைத் திருப்பி ஏற்றும். அதிகம் ஊதும் பக்கம் துளையின் மேலும் கீழும் அழுத்தும். அங்கே கால் பிளக்காது. பக்கவாட்டில் அழுத்தினால் கால் நார்வழியே பிளந்துவிடும்.

முதல் புகார், ஜனவரி 2022

விருந்தினர் இல்லத்திலிருந்து வந்த புகார் இருக்கையைப் பற்றியது. உட்கார்ந்தால் கிறீச்சிடுகிறது, இரண்டு நாற்காலிகளில் வைக்கோல் தொய்ந்திருக்கிறது என்றார்கள். கால் ஆடுகிறது என்று யாரும் சொல்லவில்லை.

இரண்டு நாற்காலிகளையும் பட்டறைக்கு எடுத்து வந்தார்கள். வேறு வேலை நெருக்கத்தில் பத்து நாள் மூலையில் கிடந்தன. எடுத்துப் பார்த்தபோது மூட்டுகள் எல்லாம் கெட்டியாக இருந்தன. ஆகவே பிரிதான் காரணம் என்று முடிவு கட்டினார்கள். அந்த முடிவுக்கு நியாயமும் இருந்தது. ஈரமாக்கித் திரித்த பிரியை இழுத்துக் கட்டிச் சில நாள் உலரவிட்ட பிறகே பின்ன வேண்டும். பச்சையாகப் பின்னினால் உலர்ந்ததும் தொய்யும். அவசரத்தில் அப்படி நடந்திருக்கலாம் என்று தந்தை நினைத்தார். இரண்டு இருக்கைகளையும் அவிழ்த்து, புதுப் பிரி கொண்டு மறுபடி பின்னி அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் அதே இரண்டும் மீண்டும் கிறீச்சிட்டன. கூடவே இன்னும் ஐந்து.

இதில் நடந்த பிழை, பத்து நாள் கழித்துப் பார்த்தது. மேற்குக் கடலோரத்தில் சூடாக்காத கொட்டகைக்குள் வைத்த மரம் பெரும்பாலும் 16 முதல் 18% ஈரத்தில் போய் நிற்கும். சுருங்கி ஆடிக்கொண்டிருந்த நாக்குகள் அந்தப் பத்து நாளில் ஈரம் குடித்து ஊதித் துளையை மறுபடி நிறைத்துவிட்டன. பழுது பட்டறைக்குள் வந்ததுமே ஒளிந்துகொண்டது. கிறீச்சொலி வைக்கோலில் பிறக்கவில்லை. துளைக்குள் நாக்கு உரசும் சத்தம் அது. சட்டம் ஆட ஆடப் பிரியும் தொய்ந்தது. தொய்வு விளைவு, அதைக் காரணமாக எடுத்துக்கொண்டார்கள்.

மரத்தின் மேல் விழுந்த சந்தேகம்

இரண்டாம் புகாருக்குப் பின் தந்தையின் சந்தேகம் மரத்தின் மேல் போனது. அயர்லாந்தில் ஆஷ் மரங்களைக் கொல்லும் பூஞ்சை நோய் முதன்முதலில் 2012 அக்டோபரில் லீட்ரிம் கவுண்டியில், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து நட்ட கன்றுகளில் கண்டுபிடிக்கப்பட்டது. பிறகு நாடு முழுக்கப் பரவியது. ஹர்லிங் விளையாட்டு மட்டை செய்பவர்களுக்கு ஆஷ் கிடைப்பது அரிதாகிக்கொண்டிருக்க, நோய் கண்ட தோப்புகளை வெட்டும்போது நாற்காலிக்காரர்களுக்கு மட்டும் மரம் தாராளமாக வந்தது. இந்த 12 நாற்காலிகளின் மரமும் அப்படி வெட்டியதே. முற்றிய நோயில் அடிமரம் மக்கி நொறுங்குவது உண்மை.

சோதிப்பது கடினமல்ல. அதே தொகுதியில் மிஞ்சிய கம்புகளில் மூன்றை இரண்டு கட்டைகளுக்கு நடுவே வைத்து வளைத்து உடைத்தார்கள். மூன்றும் நீண்ட சிலாம்புகளாகக் கிழிந்துதான் உடைந்தன. நோயால் கெட்ட மரம் காரட் ஒடிவதுபோல் குறுக்கே 'பட்'டென்று முறியும். மரத்தின் மேல் குற்றமில்லை.

நேரில் அளந்தது

பிப்ரவரி நடுவில் மகள் ஈரமானியும் அறையின் ஈரப்பதம் காட்டும் கருவியும் எடுத்துக்கொண்டு விருந்தினர் இல்லத்துக்கே போனார். முதல் முறையே செய்திருக்க வேண்டியது இது.

அறையில் வெப்பம் 21 டிகிரி செல்சியஸ், ஈரப்பதம் 37%. அந்த நிலையில் மரம் ஏறக்குறைய 7% ஈரத்தில் போய் நிற்கும். முதுகுச் சட்டத்தில் ஈரமானி 9% காட்டியது. தரைக்கு மிக அருகே இருந்த கம்புகளில் 7%. தரையே சூடாக இருப்பதால் கீழே உள்ள காற்று இன்னும் வறண்டது. கம்பு மெல்லியதாக இருப்பதால் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது. (முள் வைத்த ஈரமானிகள் 7 சதவீதத்துக்குக் கீழே நம்பத்தக்கவை அல்ல. ஆகவே 7 என்பதை '7 அல்லது அதற்கும் கீழே' என்று படிக்க வேண்டும்.)

168 கீழ் மூட்டுகளையும் ஒவ்வொன்றாகக் கையால் அசைத்துக் குறித்தார். 74 மூட்டுகளில் ஆட்டம். எல்லாமே மேல்கீழ் ஆட்டம். பக்கவாட்டில் அநேகமாக இல்லை. இருக்கைச் சட்டங்களின் 96 மூட்டுகளில் ஐந்து மட்டும். இந்தச் சட்ட மூட்டுகளை மர ஆணி பிடித்திருந்தது. பிரியின் இழுவையும் அவற்றை உள்நோக்கியே தள்ளிக்கொண்டிருந்தது.

மிஞ்சிய கம்பு ஒன்றை வீட்டு அடுப்படி ஓவனில் 103 டிகிரியில் வைத்து, எடை இறங்காமல் நிற்கும்வரை காயவைத்தார்கள். 136 கிராம் இருந்தது 117 கிராமில் நின்றது. அதாவது காய்ந்த எடையோடு ஒப்பிட்டால் ஈரம் 16.2%. கம்புகள் ஏறக்குறைய இந்த நிலையிலேயே காலில் ஏற்றப்பட்டிருக்க வேண்டும். ஆஷ் மரத்துக்கு, ஈரம் ஒரு சதவீதம் இறங்கினால் வளையத் திசையில் ஆயிரத்தில் 2.7 பங்கு சுருங்கும் என்று வைத்தால், 16 மி.மீ. நாக்கு 16-லிருந்து 7 சதவீதத்துக்கு இறங்கும்போது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. மெலியும். காலும் காய்ந்து துளையைப் பக்கவாட்டில் 0.3 மி.மீ. வரை நெருக்கும், ஆனால் நார்த்திசையில் கால் சுருங்காது. துளையின் உயரம் 16 மி.மீ. ஆகவே நிற்க, நாக்கு மட்டும் மெலிகிறது. ஆட்டம் மேல்கீழாக மட்டும் இருந்ததன் காரணம் இதுதான்.

இன்னொரு கண்டுபிடிப்பு சங்கடமானது. மிக மோசமாக ஆடிய நான்கு நாற்காலிகளும் தந்தை கையால் கோத்தவை. வளையக் கோட்டைப் பார்த்துக் கம்பைத் திருப்பும் பழக்கம் அவருக்கு உண்டு. மகள் அதை அவ்வளவு கவனித்துச் செய்யவில்லை. காய்ந்த கம்பில் அதிகம் ஊதும் பக்கத்தை மேல்கீழாக வைப்பது சரி. ஈரக் கம்பில் அதே பக்கம்தான் அதிகம் சுருங்கும். முறை சரியாக இருந்ததால்தான் இடைவெளி பெரிதானது.

அடுப்பு

தாத்தா 1970-களில் செய்த நாற்காலிகள் பட்டறைக் குடும்பத்தின் வீட்டு அடுக்களையிலேயே இன்றும் ஆடாமல் இருக்கின்றன. அதே மரவகை, அதே அளவு, அதே துளை ஆழம். வேறுபாடு எங்கே என்று தேடியபோது பட்டறைக் கூரையில் கருகிய ஒரு சதுரம் கண்ணில் பட்டது. அதற்குக் கீழேதான் பழைய விறகடுப்பு நின்றது. 2020 வசந்தத்தில் காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது, மரத்தூள் பறக்கும் இடத்தில் திறந்த நெருப்பு கூடாது என்று சொல்லப்பட்டதால் அதை எடுத்துவிட்டு, மேசைக்கு மேலே மின் வெப்பப் பலகை மாட்டினார்கள்.

அடுப்புக்கு மேலே ஒரு மரத் தட்டு தொங்கியது. செதுக்கிய கம்புகளை இடம் அடைக்காமல் இருக்க அதில் போட்டுவைப்பார்கள், தேவைப்படும்போது எடுப்பார்கள். அது இரண்டு வாரமும் ஆகும், ஒரு மாதமும் ஆகும். அதை உலர்த்தும் வேலை என்று அந்த வீட்டில் யாரும் சொன்னதில்லை, தாத்தா உட்பட. அடுப்பு போனதும் தட்டு வடக்குச் சுவரில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது. கம்புகளை அதில் போடும் பழக்கம் மாறவில்லை. அவை காய்வது மட்டும் நின்றது.

2020-க்கும் 2021-க்கும் இடையில் செய்து கொடுத்த மற்ற நாற்காலிகளிலிருந்து புகார் எதுவும் அதுவரை வரவில்லை. அவை போனவை சாதாரண வெப்பமூட்டல் கொண்ட பழைய வீடுகளுக்கு; அங்கே சுருக்கம் பாதியோடு நிற்கும். தரைவெப்பம் இந்தப் பிழையை உண்டாக்கவில்லை. வெளியே கொண்டுவந்தது.

என்ன செய்வது

நான்கு வழிகள் பேசப்பட்டன. துளைக்குள் பசையை ஊசியால் ஏற்றுவது மலிவு, ஒரு நாள் வேலை. ஆனால் 0.4 மி.மீ. இடைவெளியை பி.வி.ஏ. என்ற வெள்ளைத் தச்சுப் பசை தாங்கி நிற்காது. மெழுகும் தூசும் படிந்த பரப்பில் ஒட்டவும் செய்யாது. பின்னால் ஒரு கம்பு உடைந்தால் கழற்றவும் முடியாது. இரண்டாவது, ஒவ்வொரு மூட்டிலும் மர ஆணி அறைவது. ஆணி நாக்கு வெளியே வராமல் பிடிக்கும், மேல்கீழ் ஆட்டத்தை நிறுத்தாது, 16 மி.மீ. நாக்கில் துளை போட்டால் அது மெலிந்தும் போகும். மூன்றாவது, அறையில் ஈரமூட்டும் கருவி வைக்கச் சொல்வது. விருந்தினர் இல்லத்தார் ஒப்புக்கொண்டிருக்கலாம், ஆனால் நாற்காலிக்காக வீட்டை மாற்றச் சொல்வது முறையல்ல என்று மகள் சொன்னதைத் தந்தையும் ஏற்றார்.

கடைசி வழி, பன்னிரண்டையும் முழுதாகப் பிரித்து 84 கம்புகளையும் புதிதாகச் செய்வது. அதில் பெரிய இழப்பு இருக்கைதான். பிரி நான்கு சட்டங்களையும் சுற்றி, மூலைகளிலிருந்து நடுவை நோக்கி ஓடுவதால், அதை வெட்டாமல் சட்டத்தைப் பிரிக்க முடியாது. ஓர் இருக்கைக்கு 12 மி.மீ. பருமனில் சுமார் 30 மீட்டர் பிரி. பன்னிரண்டுக்கு 360 மீட்டர். அறுவடை இயந்திரத்திலிருந்து வரும் வைக்கோல் நசுங்கித் துண்டாகியிருக்கும், திரிக்க உதவாது. கட்டு கட்டும் பழைய வகை இயந்திரத்தில் அறுத்த நீள வைக்கோல்தான் வேண்டும். அதைக் கூரை வேய்வோருக்கு விளைவிப்பவர்களிடம்தான் வாங்க முடியும். ஒருவர் வைக்கோல் ஊட்ட, இன்னொருவர் கொக்கியைச் சுழற்றியபடி பின்னோக்கி நடக்கும் வேலை. ஒற்றை ஆள் செய்ய முடியாது.

இருந்தாலும் அதையே தேர்ந்தார்கள். செலவு முழுவதும் பட்டறையுடையது. ஆறு ஆறாக எடுத்துப் போனதால் சிற்றுண்டி அறை காலியாகவில்லை.

மறுவேலை, மார்ச் முதல் மே 2022

கால்களைப் பட்டறைக் காற்றில் மூன்று வாரம் விட்டதில் அவற்றின் ஈரம் 12% வரை ஏறியது. முன்பு கோளாறை மறைத்த அதே ஈரக்காற்று இப்போது பயன்பட்டது. கால் 12, கம்பு 5 முதல் 6 என்ற வேறுபாடு அவர்களுக்குத் தேவைப்பட்டது.

கம்புகளைக் காயவைக்க ஒரு பெட்டி செய்தார்கள். 18 மி.மீ. ஒட்டுப்பலகை, உள்ளே 50 மி.மீ. வெப்பக்காப்பு அட்டை, அடியில் கண்ணாடிக் குடிலுக்குப் பயன்படும் 120 வாட் குழாய் வெப்பமூட்டி, தெர்மோஸ்டாட், ஒரு சின்ன விசிறி. கீழே மூன்று, மேலே மூன்று 25 மி.மீ. காற்றுத் துளைகள். முதல் மூன்று நாள் 35 டிகிரி, பிறகு 48. முதல் நாளே சூட்டைக் கூட்டினால் முனைகளில் வெடிப்பு விழும். முதல் தொகுதியில் நான்கு கம்புகள் அப்படிப் போயின.

எப்போது நிறுத்துவது என்பதற்கு எடைதான் கணக்கு. அந்தப் பெட்டிக்குள் கம்பு தானாக 5 சதவீதத்தில் நிற்காது, இன்னும் கீழே போய்க்கொண்டே இருக்கும். 16 சதவீதத்தில் உள்ள கம்பு 5.5-க்கு வர, தொடக்க எடையில் 9% குறைய வேண்டும்: 136 கிராம் கம்பு 123.5-க்கு வரவேண்டும். குறியிட்ட மூன்று கம்புகளைத் தினம் காலையில் எடை போட்டார்கள். ஒவ்வொரு தொகுதிக்கும் ஒன்பது முதல் பதினோரு நாள் ஆனது.

நாக்கைக் காய்ந்த பிறகே இறுதி அளவுக்குச் செதுக்க வேண்டும். முன்பே செதுக்கினால் காயும்போது நீள்வட்டமாகிவிடும். கால்களின் பழைய துளைகளும் நீள்வட்டமாகியிருந்ததால், எல்லாவற்றையும் 17 மி.மீ. ஆகத் துளைத்து வட்டமாக்கினார்கள். நாக்கு 17.2 மி.மீ. கழிவுக் காலில் போட்ட ஒரு துளைதான் அளவி: நாக்கின் நுனி அதில் நுழையத் தொடங்கி, கையால் தள்ளினால் நின்றுவிட வேண்டும். சுத்தியலால் அறையாமல் கிளாம்பால் நெருக்கி ஏற்றினார்கள். நாக்கு துளையின் அடியைத் தொட்டதும் முறுக்கும் கைக்கு எதிர்ப்புச் சட்டெனக் கூடும். அதற்கு மேல் ஒரு சுற்றுப் போட்டாலும் காலின் வெளிப்பக்கம் உப்பிவிடும். அங்கே மிஞ்சியிருப்பது 10 மி.மீ. மரம்தான்.

பசை பற்றிக் கருத்து வேறுபாடு இருந்தது. ஒன்றைத் தோல் பசையோடும் (விலங்குத் தோலைக் காய்ச்சி எடுப்பது) ஒன்றைப் பசையில்லாமலும் கோத்து, சூடான அறையில் மூன்று வாரம் வைத்துப் பார்த்தார்கள். இரண்டும் அசையவில்லை. ஆகவே பசை வேண்டாம் என்றானது. விதிவிலக்கு முன்பக்க மேல் கம்பு மட்டும். உட்காருபவர்கள் குதிகாலை அதன்மேல் ஊன்றி உந்துவதால் அதற்கு மட்டும் தோல் பசை. சூடும் ஈரமும் காட்டினால் இளகிவிடும் என்பதால் பின்னால் கழற்றத் தடையில்லை.

அடுத்த குளிர்காலம்

2023 பிப்ரவரியில், வெப்பமூட்டல் நான்கு மாதம் ஓடிய பிறகு, அதே அறையில் அதே முறையில் 168 மூட்டுகளையும் அசைத்துப் பார்த்தார்கள். ஆட்டம் கண்டவை மூன்று. மூன்றும் கடைசியாகக் கோத்த ஒரே நாற்காலியில் இருந்தன. வேலைக் குறிப்பைப் புரட்டியபோது, அந்த நாற்காலியின் கம்புகள் பெட்டியிலிருந்து எடுத்தபின் ஒரு மழை வாரத்தில் ஐந்து நாள் மேசைமேல் திறந்து கிடந்தது தெரிந்தது. மற்றவை கோக்கும் நிமிடம்வரை கட்டிய பிளாஸ்டிக் பைக்குள் இருந்தன. அந்த மூன்று கம்புகளையும் மாற்றினார்கள். இருக்கைகள் எதுவும் தொய்யவில்லை.

மாற்றியவையும் மாறாதவையும்

உலர்த்தும் பெட்டி இப்போது பட்டறையின் நிரந்தரப் பொருள். அதன் கதவில் ஓர் அட்டை: தொடக்க எடை, இலக்கு எடை, தேதி, கோத்த நாள். நிறை பார்க்காத கம்பு காலில் ஏறுவதில்லை. பையிலிருந்து எடுத்த கம்பை அன்றே கோத்துவிட வேண்டும் என்பதும் அட்டையில் இருக்கிறது. ஆர்டர் எடுக்கும்போதே வீட்டின் வெப்பமூட்டல் வகையைக் கேட்கிறார்கள். தரைவெப்பம் என்றால் கால்களையும் 12 சதவீதத்துக்கு இறக்கிய பிறகே வேலை தொடங்குகிறது. புகார் வந்தால் முதலில் நாற்காலி இருக்கும் இடத்திலேயே போய்ப் பார்ப்பது. எடுத்து வரத்தான் வேண்டும் என்றால் பிளாஸ்டிக்கில் சுற்றி எடுத்து வந்து அன்றே அசைத்துப் பார்ப்பது.

அடுப்பில்லாத முதல் ஓராண்டில் விற்ற மற்ற நாற்காலிகளின் உரிமையாளர்களுக்குக் கடிதம் எழுதியது ஓராண்டு தாமதமாகத்தான். அதை 2022 வசந்தத்திலேயே செய்திருக்க வேண்டும். எழுதியதில் இரண்டு வீடுகளிலிருந்து, ஆமாம், கொஞ்சம் ஆடுகிறது, பழைய தரைதான் சமமில்லை என்று நினைத்தோம் என்று பதில் வந்தது.